நெல்லுக்குக் கட்டிய வீடு

கிழக்குப் பாலக்காட்டில் 'களம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நெல் அடிக்கும் முற்றம் ஒன்று. அந்த முற்றத்தை ஒட்டி நிற்கும் பண்ணை வீடு மற்றொன்று. சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று கலந்து புழங்குகின்றன. அங்குள்ளவர்கள் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதில் குழப்பம் எதையும் காண்பதில்லை. வேறிடங்களில் வீடு எழுந்த பின் அதற்கு முற்றம் அமையும். இங்கே முற்றம் முதலில் வந்தது. அதன் காவலுக்காகவே வீடு வந்தது. பெயர் அந்த வரிசையை இன்றும் மறக்கவில்லை.

கேரள வீடு என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது நாலுகெட்டு: நடுமுற்றம், அதில் விழும் மழை, சுற்றிலும் தாழ்வாரம், செதுக்கிய தூண்கள். திரைப்படங்களும் சுற்றுலாச் சுவரொட்டிகளும் அந்த உருவத்தை நிலைநிறுத்திவிட்டன. களம் அவ்வளவு எழில் கொண்டதன்று. அதில் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் குடும்பம் வாழ்ந்ததில்லை. உடைமையாளர் தறவாட்டிலோ அக்கிரகாரத்திலோ இருப்பார். களத்தில் காரியஸ்தர் இருப்பார், நெல் இருக்கும். ஆயினும் மரத்தால் ஒரு கட்டடத்தை எப்படிக் கோத்து நிறுத்துவது என்ற அறிவைக் கற்க விரும்புபவருக்கு நாலுகெட்டைவிடக் களமே நேர்மையான ஆசான். அங்கே அழகுக்காக வைத்த மரம் குறைவு. வேலைக்காக வைத்த மரமே மிகுதி.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த பெரிய இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இப்பகுதி அமைந்திருக்கிறது. கேரளத்தில் மழை குறைந்த இடங்களில் இதுவும் ஒன்று. சித்தூர் வட்டத்தின் கிழக்கே, கேரளத்தில் அரிதான கரிசல் மண் காணப்படுகிறது. வானத்தில் தென்னையைவிடப் பனையே முதலில் கண்ணில் படும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் கணவாய் வழியே கிழக்கிலிருந்து காற்று விடாமல் வீசும். வண்டித்தாவளம் என்ற ஊரின் பெயரே, மாட்டுவண்டிகள் தங்கிச் சென்ற பாதை இது என்று சொல்கிறது. இந்த மண், இந்தப் பனை, இந்தக் காற்று, இந்த வண்டிப்பாதை ஆகிய நான்கையும் அறிந்தால் களத்தின் அமைப்பில் பாதி விளங்கிவிடும்.

சுவர் மண்ணால் ஆனது. வசதி உள்ளவர்கள் செங்கல்லோ செம்பாறைக் கல்லோ வைத்தார்கள். அடித்தளம் கல்லால் உயர்த்தப்பட்டிருக்கும். சுவரின் தலையில் உத்திரம் படுக்கும். உத்திரத்தின் மீது கழுக்கோல்கள் சாய்ந்து ஏறி, உச்சியில் மோந்தாயம் என்னும் முகட்டு விட்டத்தில் கூடும். கழுக்கோல் ஒவ்வொன்றிலும் ஒரே உயரத்தில் துளையிட்டு, அத்துளைகள் வழியே ஒரு நீண்ட மரச்சட்டத்தை ஊசியில் நூல் கோப்பதுபோல் கோத்திருப்பார்கள். இதற்கு வளை என்று பெயர். ஒரு கழுக்கோல் தனியே நழுவ நினைத்தாலும் வளை விடாது. கூரை முழுவதும் ஒரே உடலாக நிற்கும். அறைகளுக்கு மேலே பலகை பாவிய மச்சு. கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் இறங்கி மழையையும் வெயிலையும் சுவரில் படாமல் தடுக்கும். மண் சுவருக்குக் கூரைதான் குடை.

கழுக்கோலுக்குப் பல இடங்களில் முதிர்ந்த கரும்பனையைப் பயன்படுத்தினார்கள். பனைக்கு உள்ளே சோறு. வைரம் முழுவதும் வெளிப்புறத்தில். வெளியே வைரம் பாய்ந்ததைப் புல் என்றும் உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரிக்கிறது. அந்த இலக்கணப்படி பார்த்தால், களத்தின் கூரையைத் தாங்குவது புல். கதவையும் தூணையும் பத்தாயத்தையும் ஆக்கிய தேக்கும் பலாவும் மருதும் மரம். புல்லையும் மரத்தையும் எந்தெந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதை இலக்கணம் படிக்காத தச்சரும் உளி முனையில் அறிந்திருந்தார். வளையாமல் நீண்டு கிடக்க வேண்டிய இடத்தில் பனை. துளையும் கழுந்தும் வெட்ட வேண்டிய இடத்தில் மரம்.

கூரையின் மேற்பரப்பு பல தலைமுறைகளுக்கு வைக்கோலாகவும் பனையோலையாகவும் இருந்தது. பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியபின், அந்தத் தட்டை ஓடு மலபார்க் கரை நெடுக இறங்கி, உள்நாட்டுக் களங்களையும் அடைந்தது. ஓலைக் கூரையை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. ஓடு அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் ஓட்டின் எடை கூடுதல். ஓலைக்குப் போதுமான கழுக்கோல் ஓட்டுக்குப் போதாது. சட்டங்களின் பருமனும் இடைவெளியும் அதற்கேற்ப மாறின. பழைய கூரை ஒன்றின் சட்டங்களைக் கூர்ந்து பார்ப்பவர், அது ஓலைக்கென்று பிறந்ததா ஓட்டுக்கென்று பிறந்ததா என்று சொல்லிவிட முடியும்.

இவை யாவும் வீட்டின் உடல். அதன் நெஞ்சு பத்தாயம். தஞ்சைப் பகுதியினருக்கும் இந்தச் சொல் அறிமுகமானதே. களத்தில் அது சில இடங்களில் ஓர் அறையை நிறைக்கும் பெட்டி; சில இடங்களில் தனிக் கட்டடமாகவே எழுந்த பத்தாயப்புரை. தரையைத் தொடாதபடி கல்லின் மீது கனத்த விட்டங்களைக் கிடத்தி, அவற்றில் தூண்களைச் செருகி, தூண்களின் பக்கத்தில் நெடுகக் காடி எடுத்து, அந்தக் காடியில் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவார்கள். இரும்பாணிக்கு வேலை மிகக் குறைவு. கழுந்து துளைக்குள் புகும், குறுக்கே மரமுளை ஒன்று இறங்கும், அவ்வளவுதான். அடியில் காற்று ஓடும். கறையான் ஏறினால் கண்ணில் படும். ஈரம் நெல்லைத் தொடாது. நெல் திரவம்போல் பக்கங்களை அழுத்தும் பொருள். நிறைந்த பத்தாயத்தின் பலகை வெளிப்புறம் பிதுங்காமல் நிற்க வேண்டுமானால் மூட்டு ஒவ்வொன்றும் அந்த அழுத்தத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வீட்டின் பிற பகுதிகளில் மண் சுவர் பாதிச் சுமையை ஏற்றுக்கொண்டது. பத்தாயப்புரையில் மரமே தூண், மரமே சுவர், மரமே தளம். இந்நிலத்தின் முழுமையான மரச்சட்டகக் கட்டடம் அதுதான்.

அதன் கதவும் பூட்டும் தனிக் கவனம் பெற்றன. 1993-இல் வந்த ஒரு மலையாளப் படத்தாலும், அதைத் தழுவி 2005-இல் வந்த 'சந்திரமுகி'யாலும் 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் பூட்டின் பெயர் தமிழரிடமும் பரவியது. பேயை அடைத்து வைக்கும் பூட்டாக அதைத் திரை காட்டியது. உண்மையில் அத்தகைய சித்திரவேலைத் தாழ்கள் பெரும்பாலும் காத்தது செல்வத்தையும் நெல்லையும்தான்.

இவ்வளவையும் அளந்தது ஒரு கோல். கேரளத் தச்சில் ஒரு கோல் என்பது 24 விரல், ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'மனுஷ்யாலய சந்திரிகை' போன்ற நூல்கள், அறையின் நீள அகலத்தைவிட அதன் சுற்றளவையே முதன்மையாகக் கொள்கின்றன. சுற்றளவை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்து வரும் மீதியே யோனி. அது ஒற்றைப்படையாக அமைந்தால் நலம். இதைச் சோதிடம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் சுற்றளவு முடிவானவுடன் உத்திரத்தின் நீளம் முடிவாகிறது. உத்திரம் முடிவானவுடன் கழுக்கோல்களின் எண்ணிக்கையும் சாய்வும் முடிவாகின்றன. வரைபடத்தாள் இல்லாத காலத்தில், மரம் முழுவதையும் தரையிலேயே அறுத்து, துளையிட்டு, எண்ணிட்டு, பின்னர் மேலே ஏற்றிக் கோக்க இந்தக் கணக்கு உதவியது. முன்கூட்டியே வெட்டிக் கோத்ததை, முறை தெரிந்தால் மறுபடி கழற்றவும் முடியும்.

அப்படிக் கழற்றி இடம் மாற்றியதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. கென்ட் மாவட்டத்தின் சிடிங்ஸ்டோன் அருகே 'பேலீஃப்' என்ற பண்ணை வீடு 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் ஒரு பகுதி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தது. பச்சை ஓக் மரத்தை அறுத்து, கழுந்தும் துளையுமாகக் கோத்து, மரமுளை அடித்த சட்டகம். சட்டங்களுக்கு இடையில் வரிச்சு பின்னி மண் பூசிய சுவர். நடுக்கூடத்தில் புகைபோக்கி கிடையாது. தரையில் எரியும் அடுப்பின் புகை கூரை வழியே தானே வெளியேறும். சன்னலில் கண்ணாடி இல்லை. மரக்கம்பிகளும் மூடுபலகையும் மட்டுமே. 1960-களின் இறுதியில் போ பீச் நீர்த்தேக்கம் அங்கே அமைந்தபோது அந்த வீட்டுக்கு அவ்விடத்தில் வாழ்வில்லை என்றாயிற்று. வீட்டை மரம் மரமாகப் பிரித்து எடுத்துச் சென்று, சசெக்ஸில் உள்ள வீல்டு அண்டு டவுன்லேண்டு திறந்தவெளி அருங்காட்சியகத்தில் 1970-களின் தொடக்கத்தில் மறுபடி நிறுத்தினார்கள். மூட்டுகளில் பழைய தச்சர்கள் உளியால் கீறி வைக்கும் அடையாளக் குறிகள் இத்தகைய வேலைக்குப் பேருதவி. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு உரியது என்பதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கை இன்றைய கைக்குச் சொல்கிறது.

நம் பக்கத்திலும் இந்த முயற்சி நடந்திருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், புதுப்பள்ளியின் சிரியன் கிறிஸ்தவர் வீடு முதலான கேரள வீடுகள் பிரித்துக் கொண்டுவரப்பட்டு மீண்டும் கோக்கப்பட்டிருக்கின்றன. குமரகம் போன்ற இடங்களின் விடுதிகளிலும் பழைய தறவாடுகள் பெயர்ந்து வந்து விருந்தினர் அறைகளாக நிற்கின்றன. இவற்றுக்கு இடம் கிடைத்தது நற்பேறு. பிரிக்கப்படும் பெரும்பாலான வீடுகளின் கதை வேறு. தூண் ஒரு கடைக்கு, கதவு ஒரு கடைக்கு, பத்தாயப் பலகை சாப்பாட்டு மேசைக்கு என்று அவை சிதறுகின்றன. மூட்டு பிரிந்து, எண்ணும் மறைந்தபின் மரம் வெறும் மரமே.

மரத்தைக் காப்பாற்றினால் மட்டும் களம் காப்பாற்றப்படுமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. பேலீஃப் வீட்டில் வாழ்ந்தவர்களும் அதைச் சுற்றி உழுதவர்களும் பல நூற்றாண்டுகளுக்கு அப்பால் போய்விட்டார்கள். பெருமாட்டியின் களங்களில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே ஊரில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் நினைவில் இந்தக் கட்டடத்துக்கு வேறோர் அளவு உண்டு.

பத்தாயத்தை நிறைத்தது உடைமையாளரின் சொந்த விளைச்சல் மட்டுமன்று. குத்தகையாளர் அளந்த பாட்ட நெல்லும் அதில் உண்டு. நாழி நான்கு கொண்டது இடங்கழி. இடங்கழி பத்துக் கொண்டது பறை. பறை நிறையும், எண்ணிக்கை சொல்லப்படும், நெல் உள்ளே போகும். அறுத்தவருக்குக் கூலியும் நெல்தான். அதற்குப் பதம்பு என்று பெயர். முற்றத்தில் அடித்தவர், தூற்றியவர், அளவைக்குத் தலையில் சுமந்து கொடுத்தவர் ஆகியோரில் பலருக்குத் திண்ணைக்கு மேல் இடமில்லை. நெல்லுக்கு உள்ளே செல்ல உரிமை இருந்தது. அதை விளைவித்தவருக்கு இல்லை. களத்தின் உயர்ந்த அடித்தளம் ஈரத்தையும் கறையானையும் தடுத்தது என்று கட்டடக்கலை எழுதும். மனிதரையும் தடுத்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்த விளக்கம் முழுமையாகும். முற்றத்திலிருந்து திண்ணைக்கு ஏறும் இரண்டு மூன்று படிகளே அந்த வீட்டின் மிகக் கடினமான மூட்டு.

அந்த அமைப்பை அசைத்தது சட்டம். 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் 1969-இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை ஒழித்தது. பாட்ட நெல் நின்றது. அளக்க ஆளில்லாமல் பறை மூலைக்குப் போனது. நிறைந்தாலே நேராக நிற்கும்படி கட்டிய பத்தாயங்கள் ஆண்டுதோறும் காலியாக நிற்கத் தொடங்கின. அதே சட்டம் குத்தகையாளருக்கு நிலத்தைத் தந்தது. ஆனால் கூலிக்கு உழைத்த தலித், பழங்குடி மக்களுக்கு வயல் கிடைக்கவில்லை. ஊராட்சிப் பகுதியில் குடிசைக்காரருக்குக் குடியிருந்த இடத்தோடு 10 சென்ட் என்பதே வரம்பு. நெல்லின் வீடு வெறுமையானது. நெல்லை விளைவித்தவரின் வீடு பத்து சென்ட்டில் நின்றது.

அந்த 1970-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தமும் கையெழுத்தானது. சித்தூர்ப் பகுதியின் பாசனத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் என்று அது உறுதி கூறுகிறது. அந்த நீர் மூலத்தறை வழியே வயலுக்கு வர வேண்டும். வரத்துக் குறைந்த ஆண்டுகள் வந்தன. கிழக்குப் பகுதிகளில் நெல்லின் இடத்தைத் தென்னை பிடித்தது. பின்னர் 2000-இல் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை தொடங்கியது. கிணற்று நீர் கெட்டது என்று 2002 ஏப்ரலில் போராட்டம் எழுந்தது. இரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். 2003-இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. உலகம் பெருமாட்டியை இந்தப் போராட்டத்தால் மட்டுமே அறியும். களத்தின் வரலாற்றை அறிந்தவருக்கு இது அதன் தொடர்ச்சியாகவும் தெரியும். முற்றத்தில் நின்று திண்ணை ஏற முடியாதிருந்த மக்களின் வழித்தோன்றல்கள், அந்த மண்ணின் நீருக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள்.

இன்று நெல் விளையும் வயலிலும் முற்றத்துக்கு வேலை இல்லை. அறுவடை இயந்திரம் வயலிலேயே கதிரை அடித்து நெல்லைப் பிரிக்கிறது. மூட்டை வரப்பிலிருந்தே வண்டி ஏறுகிறது. தூற்றுவதற்குக் கணவாய்க் காற்றும் தேவைப்படுவதில்லை. பயனிழந்த கட்டடத்தைப் பேண உடைமையாளருக்குக் காரணம் இல்லை; ஓடு மாற்றவும் கழுக்கோல் மாற்றவும் பெரும் செலவு. ஆகவே களங்கள் விழுவதற்கு எவரையும் குற்றம் சொல்ல முடியாது.

தப்பிய ஒன்றின் கதை ஆறுதல் தரும். பாலக்காட்டை அடுத்த தஸ்ராக்கில் 'ஞாற்றுப்புரை' என்ற பண்ணைக் கட்டடம் ஓ.வி. விஜயனின் நினைவிடத்தில் பேணப்படுகிறது. விஜயனின் சகோதரி அவ்வூரின் ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றிய நாள்களில் அவர் அங்கே தங்கினார். 1969-இல் நூலான 'கசாக்கின் இதிகாசம்' அந்த ஊரிலிருந்து பிறந்தது. தமிழில் யூமா வாசுகியின் மொழிபெயர்ப்பில் அதைப் படித்தவர்களுக்கு அந்தக் கட்டடம் அந்நியமன்று. நெல்லின் துணைக் கட்டடம் ஒன்று நாவலில் பிள்ளைகளின் பள்ளிக்கூடமாக மாறுகிறது. நெல் போன இடத்தில் எழுத்து குடியேறியதால் அது நிற்கிறது. எல்லாக் களத்துக்கும் ஒரு நாவல் வாய்க்காது.

ஆகவே, எஞ்சியவை விழுவதற்கு முன் செய்யக்கூடியது ஆவணம். களம் ஒன்று பிரிக்கப்படும் செய்தி கேட்டால், பலகை கழலுமுன் மூட்டுகளைப் படமெடுக்கலாம். தூணிலும் கழுக்கோலிலும் உள்ள குறிகளைப் படியெடுக்கலாம். மெட்ரிக் அளவோடு கோலளவையும் குறிக்கலாம். ஊரில் வயது முதிர்ந்த ஆசாரி ஒருவர் இருந்தால், உறுப்புகளின் பெயர்களை அவர் வாயால் பதிவு செய்யலாம். அந்தப் பெயர்களில் பல, தமிழ் அகராதியிலும் மலையாள அகராதியிலும் சேராமல் இடையில் நிற்பவை. அதே நாளில் அடுத்த தெருவுக்கும் போக வேண்டும். அந்தக் களத்தில் கதிரடித்த முதியவர் ஒருவர் அங்கே இருப்பார். முற்றத்தில் எவர் எங்கே நின்றார், பறையை எவர் பிடித்தார், பதம்பு எந்த அளவையால் அளக்கப்பட்டது என்பதை அவர் மட்டுமே சொல்ல முடியும். வரைபடம் வீட்டுச் சுவரோடு நின்றுவிடாமல், முற்றத்தின் எல்லைவரை நீள வேண்டும். களம் என்ற சொல் அதைத்தான் முதலில் குறித்தது.